இடைவேளைக்கு முன்னால் செத்துப்போன வேன் அக்கா

படத்தில் வேன் அக்காவைக் கொன்றுவிட்டார்கள் என்ற செய்தியை முதலில் கொண்டுவந்தவர் அவள் கணவர். குழாய் வேலை செய்பவர். ஒரு வீட்டில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரர்கள் முந்தின நாள் பார்த்த புதுப்படத்தின் கதையைப் பேசிக்கொண்டார்களாம். மரம் அறுக்கும் மில், மஞ்சள் வேன், நாலு குழந்தைகள் என்று காதில் விழுந்ததும் இவருக்குப் பொறி தட்டிவிட்டது. வேலையை முடித்த கையோடு, ரெஞ்சுப் பையைக்கூட வீட்டில் வைக்காமல், தியேட்டருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"உன்னைக் கொன்னுட்டாங்க," என்றார், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"எப்போ?" என்றாள் அக்கா.

"இடைவேளைக்கு முன்னாடியே."

"அப்போ பாதியில எழுந்து வந்திருக்கலாமே. மீதிக்கு எதுக்கு உக்காந்திருந்தீங்க?"

அவர் சிரித்தார். ஆனால் சாப்பிடும்போது தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இந்த மனுஷன் சாப்பாட்டோடு வேறு எதையோ சேர்த்து விழுங்குகிறார் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கேட்கவில்லை. கேட்டால் அவர் பொய் சொல்ல வேண்டியிருக்கும். அவருக்குப் பொய் சொல்ல வராது.

அவர் விழுங்கியது இதுதான். படத்தில் வருகிற அக்கா, துப்பாக்கியைக் கண்டதும் நடுங்கிப்போய், கையை நீட்டி, நாலு குழந்தைகளில் பெரிய வீட்டுக் குழந்தை எது என்று காட்டிக்கொடுத்துவிடுகிறாள். அதற்குப் பிறகுதான் அவளைச் சுடுகிறார்கள்.

உண்மையில் அவள் காட்டிக்கொடுக்கவில்லை. அது எனக்குத் தெரியும். அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி.

அப்போது எங்களுக்கெல்லாம் ஆறு வயதுக்குள். அக்காவுக்கும் சின்ன வயதுதான், கல்யாணமான புதுசு. பள்ளிக்கூட வேனில் எங்களை ஏற்றி, இறக்கி, மூக்கைத் துடைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் தேடிக் கொடுக்கிற வேலை. வேனில் ஏறுகிற எவருக்கும் சொந்தப் பேர் கிடையாது. அவள் வைத்ததுதான் பேர். தடிமனான கண்ணாடி போட்டிருந்த பையன் சோடா. ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறவள் தூங்குமூஞ்சி. தலையில் இரட்டை ரிப்பன் கட்டி, கார் இருந்தும் "வேன்லதான் போவேன்" என்று அழுது அடம்பிடித்து எங்களோடு வந்தவள் ரிப்பன். எனக்கு மூச்சிரைப்பு உண்டு. நெஞ்சுக்குள் எப்போதும் ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் நான் இஞ்சின்.

"டிரைவர் அண்ணே, வேன் ஆஃப் ஆனாலும் கவலையில்ல, நம்மகிட்ட இன்னொரு இஞ்சின் இருக்கு," என்பாள். எனக்கு அது பெருமையாக இருந்தது. வேறு யாரும் என் இரைப்பைப் பற்றிச் சிரித்துப் பேசியதில்லை.

ரிப்பனின் அப்பா பெரிய கட்டடங்கள் கட்டுகிறவர். அவரிடம் வேலை பார்த்து வெளியேறிய ஒருவன்தான் பணத்துக்காக அவளைக் கடத்தத் திட்டம் போட்டவன். குழந்தையை அடையாளம் காட்டுவது அவன் பொறுப்பு. தூக்குவது மற்ற இரண்டு பேர் பொறுப்பு. அன்றைக்குப் பார்த்து அடையாளம் காட்ட வேண்டியவனுக்குப் பயம் வந்து, வயிற்றுவலி என்று வீட்டிலேயே படுத்துக்கொண்டான். இதெல்லாம் பிறகு வழக்கு நடந்தபோது தெரிந்தது.

பள்ளி விட்டு வருகிற வழியில், பெரும்பாலான பிள்ளைகளை இறக்கிவிட்டாகிவிட்டது. வேனில் மிச்சம் நாங்கள் நாலு பேர். பாலம் வேலை நடக்கிற இடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே நின்றது. தொப்பி போட்டிருந்தவன் டிரைவர் அண்ணனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். ஒல்லியாக இருந்த இன்னொருவன் படியில் கால் வைத்தான்.

அந்த ஒரு நொடியைப் பற்றி அக்கா பலமுறை சொல்லியிருக்கிறாள். டிரைவர் சீட் காலி. வண்டி ஆஃப் ஆகவில்லை. சாவி தொங்குகிறது. "ஓட்டத் தெரிஞ்சிருந்தா அவ்வளவுதான் கதை. அங்கேயே முடிஞ்சிருக்கும். எனக்கு ஹாரன் அடிக்கத்தான் தெரியும்."

அடித்தாள். அங்கே கேட்க ஆளில்லை.

தொப்பிக்காரன் வண்டியை ஓட்டினான். ஒல்லிக்காரன் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்தான். அவன் முன்னால் பார்த்த நேரங்களில் அக்கா எங்கள் கழுத்திலிருந்த அடையாள அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பின் சீட்டுக்கடியில் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது; அதன் வழியே அட்டைகள் ரோட்டுக்குப் போயின. ரிப்பனின் தலையிலிருந்த ரிப்பன்களும் போயின. பிறகு குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"யார் என்ன கேட்டாலும் உங்க பேரு பாப்பா. எல்லாருக்கும் பாப்பாதான்."

"எனக்குமா?" என்றான் சோடா.

"உனக்கும்தான்."

"நான் பையன் அக்கா."

"இன்னிக்கு மட்டும்டா. நாளைக்குப் பையனாயிடலாம்."

மூடிக் கிடந்த ஒரு மர மில்லில் கொண்டுபோய் விட்டார்கள். கூரை வரை மரத்தூள் குவிந்திருந்தது. எங்களை வரிசையாக நிற்கவைத்துத் தொப்பிக்காரன் ரிப்பனின் சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவள் வாயைத் திறந்தாள். அக்கா அவள் முகத்தை இழுத்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். அதே கையோடு என்னையும் தூங்குமூஞ்சியையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். மூன்று பெண் குழந்தைகள், ஒரே சீருடை, ஒரே உயரம். பைகளில் பேர் இருந்தது. ஆனால் எந்தப் பை எந்தப் பிள்ளையுடையது என்று பை சொல்லுமா?

"இதுல எது அது? காட்டு. மத்ததையெல்லாம் இப்பவே கொண்டுபோய் ரோட்ல விட்டுடறோம்," என்றான்.

"தெரியாதுங்க. நான் வேலைக்குப் புதுசு."

"நீ சொல்லு," என்று சோடாவின் காதைத் திருகினான். "இது பேரு என்ன?"

"பாப்பா."

"இது?"

"பாப்பா."

"உன் பேரு?"

சோடா அழுதுகொண்டே, "பாப்பா," என்றான்.

இன்றைக்கும் நாங்கள் ஒன்றுகூடினால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. தொப்பிக்காரன் அக்காவின் இடது காதோடு சேர்த்து அறைந்தான். அவள் மரத்தூளில் விழுந்து எழுந்து, மறுபடியும் எங்களுக்கு முன்னால் வந்து நின்றாள். மறுபடியும் கேட்டான். மறுபடியும் அறைந்தான். அந்தக் காது அதோடு போயிற்று.

வேறு வழியில்லாமல் நாலு பேரையும் வைத்துக்கொண்டார்கள். மரத்தூள் எனக்கு ஆகாது. அன்று சாயங்காலமே இழுக்கத் தொடங்கிவிட்டது. படுத்தால் மூச்சு நிற்கிற மாதிரி இருந்தது. சுவரில் ஒரு பலகை பெயர்ந்து காற்று வருகிற இடத்தில் அக்கா உட்கார்ந்து, என்னை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். ரிப்பன் அவள் மடியில் தலை வைத்திருந்தாள். விடிந்தும் அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தாள். என் நகம் நீலமாக மாறுவதைப் பார்த்ததும், ஒல்லிக்காரனைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"தம்பி, இங்க வந்து இந்த நகத்தைப் பாருங்க. இது போயிடுச்சுன்னா நீங்க கடத்தல்காரங்க இல்ல, கொலைகாரங்க. மருந்துக் கடைக்குப் போய் இரைப்புக்கு வாயில உறிஞ்சுற மருந்து கேளுங்க. பால் வாங்குங்க. நாலு பிள்ளைக்கும் பிஸ்கெட் வாங்குங்க."

அவன் வயதில் இளையவன். பயந்துபோய்க் கிளம்பினான். கையில் பால் பாக்கெட், பிஸ்கெட், தலையெல்லாம் மரத்தூள் என்று வந்து நின்று, டாக்டர் சீட்டு இல்லாமல், குழந்தைக்கு எத்தனை வயது என்றுகூடச் சொல்லத் தெரியாமல் மருந்து கேட்டவனைக் கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார். காலையிலிருந்து ரேடியோவில் அதே செய்திதான். மருந்தைக் கொடுத்தனுப்பிவிட்டு, அவன் போன திசையையும் தலையிலிருந்த மரத்தூளையும் சொல்லிப் போலீசுக்குப் போன் போட்டார். மத்தியானத்துக்குள் மில் கதவு உடைந்தது.

படத்தில் இந்த இடத்தில் போலீஸ் அதிகாரியாக வரும் கதாநாயகி கூரையைப் பிய்த்துக்கொண்டு குதிக்கிறாள். எங்களுக்கு வந்தவர் தொந்தி வைத்த ஒரு ஏட்டு. "எல்லாரும் இருக்கீங்களா கண்ணுங்களா?" என்றுதான் கேட்டார்.

நாலு பேரும் உயிரோடு வந்தோம். அந்தக் கதை அங்கே முடிந்திருந்தால் அக்காவுக்கு மாலை போட்டிருப்பார்கள். ஆனால் நான் நேராக வீட்டுக்குப் போகவில்லை; ஆஸ்பத்திரியில் போய் விழுந்தேன். பிழைப்பேனா என்றே சந்தேகமாக இருந்ததாம். அந்த நாட்களில் அம்மாவின் காதுக்கு ஒரு செய்தி வந்தது. காட்டியிருந்தால் மற்ற மூன்று பேரையும் அன்றைக்கே விட்டிருப்பார்கள். இந்த ஆயா வாயைத் திறக்கவில்லை.

பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். அம்மா ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அதிர்ந்து பேசத் தெரியாதவள். அன்றைக்கு எழுந்து நின்று பேசினாள்.

"ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளைக்காக என் பிள்ளையைப் பணயம் வெச்சிருக்கா. பிள்ளை பெத்தவளா இருந்தா செஞ்சிருப்பாளா?"

அக்கா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். காதில் பஞ்சு. பதில் சொல்லவில்லை. அவளுக்குக் கேட்கவில்லை என்று சிலர் நினைத்தார்கள். அவளுக்கு ஒரு காதுதான் போயிருந்தது.

"கொஞ்ச நாள் வீட்ல இருங்க, கூப்பிட்டு அனுப்பறோம்," என்றார் தலைமை ஆசிரியை. கூப்பிடவேயில்லை. ரிப்பனின் வீட்டார் அந்த ஊரே வேண்டாம் என்று வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். போலீஸ் அக்காவையும் சந்தேகப்பட்டு விசாரித்தது. ஊர்வாயை மூட யாரால் முடியும்?

வேலை போன பிறகு அவள் செய்த முதல் காரியம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டது. கணவர் ஒரு நண்பரின் பழைய சரக்கு வண்டியைக் கேட்டு வாங்கிவந்தார். காலி மைதானத்தில் கல்லை வைத்து எட்டுப் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரி, "இனிமே ஓட்டி என்ன ஆகப்போகுது, அதான் எல்லாம் முடிஞ்சிடுச்சே?" என்று கேட்டபோது, "இன்னொரு தடவை சாவி தொங்கினா சும்மா பார்த்துட்டு இருக்க முடியாதுக்கா," என்றாளாம். கடைசியில் ஒரு ஆஸ்பத்திரியில் டிரைவராகச் சேர்ந்தாள். சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களை வீட்டிலிருந்து கூட்டிப்போய், முடிந்ததும் கொண்டுவந்து விடுகிற வேன்.

அப்படித்தான் அவளை நான் திரும்பப் பார்த்தேன். நான் வளர்ந்து, ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். அப்பாவுக்குச் சிறுநீரகம் நின்றுபோனது. முதல் நாள் காலையில் வாசலில் ஆஸ்பத்திரி வேன் வந்து நின்றது. இறங்கி வந்த டிரைவர் என்னைப் பார்த்தாள். என் நெஞ்சைப் பார்த்தாள்.

"சத்தமே காணோம். இஞ்சினை மாத்திட்டியா?" என்றாள்.

வாசற்படியில் நின்றபடியே அழுதுவிட்டேன். அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, அப்பாவின் பையைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அப்பா உயிரோடு இருந்தவரை அப்படித்தான் நடந்தது. வாரத்தில் பாதி நாள் வேன் வரும். அம்மா பையை வாசலில் வைப்பாள். அக்கா, "சார், மெதுவா," என்று கைத்தாங்கலாக ஏற்றிக்கொள்வாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். அப்பா முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவளுடைய நல்ல காதுப் பக்கமாக ஊர்க்கதையெல்லாம் பேசிக்கொண்டு போவார். ரத்தம் சுத்தம் செய்துவிட்டுத் திரும்பும்போது உடம்பு துணி மாதிரி துவண்டு கிடக்கும். வேகத்தடையில் வண்டி குதித்தால் உயிர் போகும். அக்கா ஓட்டினால் வேகத்தடை வந்ததே தெரியாது என்பார்.

"வாசல்ல நிக்கிறவளுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுக்கக் கூடாதா?" என்று அப்பா ஒருநாள் கேட்டார்.

"ஓட்டறதுக்குச் சம்பளம் வாங்கறா. தண்ணி அவங்க ஆஸ்பத்திரியில இருக்கும்," என்றாள் அம்மா.

அப்பா போனபோது அக்கா வந்தாள். கேட்டுக்கு வெளியே, வேனுக்குப் பக்கத்திலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அம்மா அதைப் பார்த்தாள். பார்த்தும் உள்ளே கூப்பிடவில்லை. அம்மா கெட்டவள் இல்லை. அவள் மனசில் ஒரு கதவு உள்பக்கமாகத் தாழிட்டுக் கிடந்தது. எங்கள் யாருக்கும் அதைத் திறக்கத் தெரியவில்லை.

இதற்கிடையில் ரிப்பன் மேல்படிப்புக்காக இந்தப் பக்கம் திரும்பி வந்து எங்களைத் தேடிப் பிடித்திருந்தாள். சோடா வங்கியில் வேலை பார்த்தான். கண்ணாடி இன்னும் தடித்திருந்தது. தூங்குமூஞ்சிக்கு இரட்டைக் குழந்தைகள். பாவம், இப்போதுதான் தூக்கமே இல்லை. எங்கள் நாலு பேர் வீட்டு விசேஷம் எதுவும் அக்கா இல்லாமல் நடக்காது. என் வீட்டில் நடக்கும்போது மட்டும் அவள் ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவாள்.

அப்பா போன அடுத்த வருஷம்தான் சினிமாக்காரர்கள் வந்தார்கள். உதவி இயக்குநர் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் அக்காவிடம் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசி ஒலிப்பதிவு செய்துகொண்டு போனாள். அக்கா டீ போட்டுக் கொடுத்து, நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். "வேனுக்கு மஞ்சப் பெயின்டே அடிங்க," என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அதை அடித்திருந்தார்கள்.

படம் வந்த வாரம், வேனில் போகிற நோயாளிகளுக்கெல்லாம் அதுதான் பேச்சு. முன்பு அப்பாவோடும் அந்த வேனில் போய்வந்த, ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், "உனக்கு இரங்கல் கூட்டம் போடணும்மா," என்று கேலி செய்தார். அக்காவும் சேர்ந்து சிரித்தாள். பின்சீட்டிலிருந்த ஒரு பாட்டியம்மா மட்டும் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாளாம்: "இருந்தாலும் அந்தப் பச்சைப் பிள்ளையைக் காட்டிக் குடுத்திருக்க வேண்டாம்மா நீ."

கணவர் விழுங்கிய விஷயம் அக்காவுக்குத் தெரியவந்தது அப்படித்தான். அன்றைக்கு வேகத்தடையில் வண்டி குதித்ததாம். தபால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ரிப்பனுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த உதவி இயக்குநரைப் போனில் பிடித்து உலுக்கிவிட்டாள். அந்தப் பெண் பாதி அழுகையோடு பதில் சொன்னாள்: "நான் எழுதிக் குடுத்தது உண்மையைத்தாங்க. அவங்க காட்டாமலே இருந்தா கதை நகர மாட்டேங்குதுன்னு டைரக்டர் மாத்திட்டார்."

இதைக் கேட்டதும் அக்கா சொன்னாள்: "உண்மைதானே. அன்னிக்கும் நகரல. அதான் அந்தத் தொப்பிக்காரனுக்கும் கோபம்."

"கேஸ் போடலாம் அக்கா," என்றாள் ரிப்பன்.

"போட்டா? இன்னும் நாலு பேர் போய்ப் பார்ப்பாங்க. விடு. முதல்ல நான் பார்க்கணும். செத்த இடம் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?"

சனிக்கிழமை பகல் காட்சிக்குப் போவதாக முடிவாயிற்று. வீட்டில் சொன்னேன். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"எனக்கும் ஒரு டிக்கெட் எடு," என்றாள்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

தியேட்டரில் சோடா, தூங்குமூஞ்சி, ரிப்பன், அக்கா, நான், அம்மா என்ற வரிசையில் உட்கார்ந்தோம். இரு நாட்டு எல்லையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு. "உண்மைச் சம்பவத்தைத் தழுவியது" என்று எழுத்து வந்தது. பேர் எல்லாம் ஓடி முடிவதற்குள் தூங்குமூஞ்சி தூங்கிவிட்டாள். கடத்தலின்போதும் அவள் பாதி நேரம் தூங்கித்தான் கழித்தாள்.

மில் காட்சி வந்தது. மரத்தூள் பறக்கிறது. அக்காவாக நடித்த பெண் அழகாக இருந்தாள். நடுக்கமும் நன்றாகத்தான் வந்தது. துப்பாக்கி நெற்றியைத் தொட்டதும் அவள் கை மெல்ல எழுந்தது. விரல் நீண்டது. இரட்டை ரிப்பன் கட்டிய குழந்தையை ஒருவன் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அந்தக் குழந்தை அழவில்லை. திரும்பி, கை நீட்டியவளையே பார்த்துக்கொண்டு போயிற்று.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மற்ற மூன்று குழந்தைகளையும் ரோட்டில் இறக்கிவிட்டார்கள். தாய்மார்கள் ஓடிவந்தார்கள். இரைப்புக் குழந்தையின் அம்மா பிள்ளையை அள்ளி மருந்தைக் கொடுக்கிறாள். குழந்தைக்கு மூச்சு வருகிறது. இத்தனை வருஷமாக என் அம்மா வேண்டுமென்று கேட்டது அதுதான். திரையில் அது அப்படியே நடந்தது. அந்தக் கூட்டத்தில் ரிப்பன் கட்டிய குழந்தையின் அம்மா ஒருத்தியும் நின்றாள். வேனுக்குள் எட்டிப் பார்க்கிறாள். சீட்டுக்கடியில் குனிந்து பார்க்கிறாள். இரைப்புக் குழந்தையை அணைத்துக்கொண்டிருப்பவளிடம் வந்து, "என் பிள்ளை எங்க?" என்று கேட்கிறாள். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

பக்கத்தில் ஒரு அசைவு. அம்மா எழுந்துவிட்டாள். என் முழங்காலில் இடித்துக்கொண்டு இருட்டில் படியைத் தடவி வெளியே போனாள். நான் எழுவதற்குள் அக்கா எழுந்து பின்னால் போய்க்கொண்டிருந்தாள். திரையில் துப்பாக்கி வெடித்தது. அக்கா செத்துப்போனதை அக்கா பார்க்கவில்லை.

வெளிக்கூடத்தில், குடிதண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு நீள பெஞ்சு கிடந்தது. அம்மா அதில் உட்கார்ந்திருந்தாள். அக்கா கொஞ்சம் தள்ளி நின்றாள். நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன்.

அம்மா தலை நிமிராமல் பேசினாள். "காட்டியிருந்தா இப்படித்தான் ஆகியிருக்கும், இல்ல?"

"தெரியலம்மா. அவங்க நிஜமாவே விட்டிருப்பாங்களோ என்னவோ."

"என் பிள்ளை வந்திருக்கும். அந்தப் பொண்ணு வந்திருக்காது. நான் அவ அம்மா முகத்தைப் பார்த்துட்டு இந்த ஊர்ல இருந்திருக்கணும்."

அக்கா, "நீங்க அன்னிக்குக் கூட்டத்துல கேட்டது தப்பில்லம்மா," என்றாள். "உங்க பாப்பா நகம் நீலமானப்போ, காட்டிடலாம்னு நினைச்சேன். நினைக்கலன்னு சொன்னா பொய்."

அம்மா அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தாள். "அப்புறம் ஏன் காட்டல?"

"அதுவும் மடியிலதானேம்மா படுத்திருந்துச்சு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை சத்தமில்லாமல், தோள் குலுங்க வந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை. தண்ணீர் பிடித்துப் பெஞ்சில் வைத்தாள்.

"அந்த ரெண்டு நாளும் இவ மருந்து என் கையில இருந்துச்சு," என்றாள் அம்மா. "வேன் நிக்கிற இடத்துலயே நின்னேன். உக்காருன்னாங்க, சாப்பிடுன்னாங்க. எப்படி உக்காருவேன்? மருந்து என் கையில இருக்கு, பிள்ளைக்கு மூச்சு இல்ல. யாரைத் திட்டறதுன்னு தெரியல. நீ கிடைச்சே."

"கிடைச்சேன்ல, அது போதும்," என்றாள் அக்கா.

இடைவேளை விட்டது. கூட்டம் வெளியே வந்து, எங்களைச் சுற்றிக்கொண்டு தின்பண்டக் கடைக்குப் போயிற்று. ரிப்பன் ஓடிவந்தாள். சோடா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, செத்துட்டீங்க," என்றான். பிறகு பெஞ்சைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

"நீங்க போய் மீதியைப் பாருங்க," என்றாள் அம்மா. "நாங்க இங்கதான் இருப்போம்."

அந்த 'நாங்க' என்ற சொல்லைக் கேட்டு நான் திரும்பி நடந்தேன். ஆனால் உள்ளே போகவில்லை. தூணுக்குப் பின்னால் நின்றேன். உள்ளே குண்டு வெடித்தது, வண்டிகள் மோதின, யாரோ வசனம் பேசினார்கள். பெஞ்சில் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். என்னிடம்கூட அவள் ஒருநாளும் கேட்டிராத கேள்விகள். எங்க படுக்க வெச்சே? தண்ணி எப்படிக் குடுத்தே? அழுதாளா? என்னைக் கேட்டாளா?

"உங்களைத்தான் கேட்டுட்டே இருந்தா. அம்மா டைப் அடிச்சு முடிச்சதும் வந்துடுவாங்கன்னு சொன்னேன். சரின்னு என் நெஞ்சுல விரலால டைப் அடிச்சுட்டே இருந்தா."

எனக்கு அது நினைவில்லை. அம்மா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்து கதவுகள் திறந்தன. தூங்குமூஞ்சி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "யாரு ஜெயிச்சா?" என்று எங்களிடம் கேட்டாள்.

படம் நன்றாக ஓடியது. பரிசு எதுவும் வாங்கியதாகத் தெரியவில்லை. அந்த உதவி இயக்குநர் பெண் ஒருநாள் அக்காவின் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று மன்னிப்புக் கேட்டாள். அக்கா அவளை உள்ளே அழைத்து டீ போட்டுக் கொடுத்தாள். பார்க்கிற எல்லாரிடமும் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்று அக்கா அந்த விஷயத்தை விட்டுவிட்டாள். அம்மா விடவில்லை.

போன வாரம் காய்கறிக் கடையில் ஒரு பெண்மணி, ரோட்டோரம் நின்ற ஆஸ்பத்திரி வேனைக் காட்டிப் பக்கத்திலிருந்தவளிடம், "அந்த டிரைவர்தான், படத்துல பிள்ளையைக் காட்டிக் குடுத்தாளே, அவ," என்றாள். அம்மா கூடையைக் கீழே வைத்தாள்.

"அவ காட்டிக் குடுக்கல," என்றாள். "படத்துல பொய் சொல்லியிருக்காங்க. நடந்ததை நான் சொல்றேன். கொஞ்சம் நேரம் ஆகும், கேக்கறீங்களா?"

அந்தப் பெண்மணி தலையாட்டினாள். கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டுத் தானும் கேட்கத் தொடங்கினார். அம்மா, பாலம் வேலை நடந்த இடத்திலிருந்து ஆரம்பித்தாள்.